நாலு பேர் காத்த நம்பர்

"முதலாளி, உள்ள வச்சு எதையும் உரசக் கூடாது. கொஞ்சம் வெளிய போயிருங்க."

போர்மேன் நாகையா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். ராஜபாண்டியன் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய இடது கையில் கிரெடிட் கார்டு. வலது கையில் உப்புத்தாள். திருத்தங்கல் பக்கத்தில் இத்தனை பட்டாசுக் கம்பெனிகள் இருக்கின்றன. உள்ளே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்த முதல் முதலாளி அவராகத்தான் இருக்க வேண்டும்.

தப்பு புரிந்தது. எழுந்தார். கேட்டைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, எதிரே இருந்த வேப்பமரத்தடிக்குப் போய் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். கார்டில் புடைத்துக்கொண்டு நின்ற பதினாறு எண்களும் மாவாக உதிர்ந்தன. கீழே அவருடைய பெயரும், கார்டு காலாவதியாகும் மாதம் வருஷமும் மட்டும் தப்பித்தன. அதற்குள் உப்புத்தாள் வழவழவென்று ஆகிவிட்டது.

"இனிமே எவன் நம்பரைத் திருடுறான்னு பாக்கேன்" என்றார்.

நாகையா தலையைச் சொறிந்தார். "அதுசரி முதலாளி. இனிமே நீங்க எப்படிப் பார்ப்பீக?"

"அதுக்குத்தானய்யா நீங்க நாலு பேரு இருக்கீங்க."

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு சேலை.

போன வருஷம் மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பஜாரில் நல்ல விலைக்கு ஒரு சேலை எடுத்து மனைவி பொன்னுத்தங்கத்துக்குக் கொடுத்தார் ராஜபாண்டியன். அவளும் ஆசையாகக் கட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். கோயில் வாசலில் அதே சேலையில் அவருடைய தங்கை நின்றாள். சற்றுத் தள்ளி, அதே சேலையில் எதிர்வீட்டு டாக்டரம்மா. போதாததற்கு அதே சேலையில் யாரோ ஒரு அம்மாள் அக்கினிச்சட்டி ஏந்திக்கொண்டு பொன்னுத்தங்கத்தைத் தாண்டிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுத்தங்கம் சொன்னது ஒரே வாக்கியம்தான். "எனக்கு ஒண்ணும் கோவமில்லங்க."

கல்யாணமான எவனுக்கும் அந்த வாக்கியத்தின் எடை தெரியும். அதற்குப் பிறகு அவள் சேலைக்கடைப் பக்கமே திரும்பவில்லை. தீபாவளிக்குக்கூடப் பழைய சேலை. ஊருக்கெல்லாம் தீபாவளி அனுப்புகிறவர் வீட்டில் தீபாவளி இல்லை என்று அவருடைய தங்கையே சொல்லிக் காட்டினாள்.

அன்றைக்கே ராஜபாண்டியன் வாக்குக் கொடுத்தார். "தங்கம், வர்ற பங்குனிப் பொங்கலுக்கு இந்த ஊர்ல எவளும் கட்டாத சேலை உனக்கு. இல்லாட்டி என்னை என்னன்னு கேளு."

"கேப்பேன்" என்றாள் பொன்னுத்தங்கம்.

இப்போது அந்தப் பொங்கல் நெருங்கிவிட்டது.

விருதுநகர் மதுரை ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சினேகாதான் அந்தக் கடையைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்துக் கொடுத்தாள். காரைக்குடிப் பக்கம் ஒரு நெசவாளியின் மகன் சொந்தமாக ஆரம்பித்த கடை. ஒரு டிசைனில் ஒரே ஒரு கண்டாங்கிச் சேலைதான் நெய்வார்கள். கத்தரிப்பூ நிறம், கடுகு மஞ்சளில் அகலக் கரை. பார்த்த மாத்திரத்திலேயே ராஜபாண்டியன் முடிவு செய்துவிட்டார்.

"எடுத்திருவோமா அண்ணாச்சி? கார்டைக் குடுங்க" என்றாள் சினேகா.

பாக்கெட்டுக்குப் போன கை பாதியில் நின்றது. அவருக்குச் சாத்தூர் தீப்பெட்டி முதலாளி ஊர்க்காவலன் ஞாபகத்துக்கு வந்தார். முகம் தெரியாத ஏதோ கடையில் கம்ப்யூட்டர் வழியாகக் கைக்கடிகாரம் வாங்கப் போனார் ஊர்க்காவலன். கடிகாரம் வரவில்லை. பதிலுக்கு அவருடைய கார்டு வெளிநாட்டுக்குப் போய்த் தன்னந்தனியாக ஷூ வாங்கிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் ஊர்க்காவலன் செருப்பே போடாத ஆள்.

"சின்னக் கடைன்னா எல்லாம் திருட்டுக் கடை இல்ல அண்ணாச்சி" என்றாள் சினேகா. "பணம் கட்டுற பக்கத்துல பூட்டுப் படம் இருக்கான்னு பாக்கணும். போன் நம்பர் போட்டிருந்தா கூப்பிட்டுப் பேசணும். கார்டு நம்பரை மெயில்ல அனுப்பச் சொன்னா திரும்பிப் பாக்காம வந்திரணும். அம்புட்டும் போதாதுன்னா, பேங்க்ல கேட்டா கம்மி லிமிட்ல தனியா ஒரு கார்டு குடுப்பாக."

அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார் ராஜபாண்டியன். ஒன்றையும் செய்யவில்லை. அவரிடம் சொந்தமாக ஒரு வழி இருந்தது.

அவருடைய கம்பெனியின் பச்சைப் புஸ்வாணம் பிரசித்தம். அப்படி ஒரு பச்சை சிவகாசியில் வேறு யாருக்கும் வராது. அதன் மருந்து அளவைத் தெரிந்துகொள்ள எத்தனையோ பேர் ஆள் வைத்துப் பார்த்துவிட்டார்கள், நடக்கவில்லை. காரணம், அந்த அளவு முழுசாக எந்த ஒரு ஆளுக்கும் தெரியாது. ஒருத்தருக்கு ஒரு சரக்கின் எடை தெரியும். அடுத்தவருக்கு அடுத்த சரக்கு. வரிசையாக வந்து, தன் பங்கை நிறுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவருடைய அப்பா காலத்து ஏற்பாடு.

மருந்துக்கு ஒத்து வந்தது கார்டுக்கு ஒத்து வராதா?

பதினாறு எண்களை நாலு நாலாகப் பிரித்தார். நம்பிக்கையான நாலு பேரை ஒவ்வொருவராக ஆபீஸ் ரூமுக்குள் கூப்பிட்டார். முதல் நாலு போர்மேன் நாகையாவுக்கு. அடுத்த நாலு பெட்டி அடைக்கிற பகுதியைப் பார்த்துக்கொள்ளும் குருவம்மாளுக்கு. மூன்றாவது வேன் டிரைவர் கருத்தப்பாண்டிக்கு. கடைசி நாலு கணக்குப்பிள்ளை தனுஷ்கோடிக்கு. மற்ற எண்களின் மேல் புஸ்வாண லேபிளை ஒட்டி மறைத்துக்கொண்டு, அவரவர் பங்கை மட்டும் காட்டினார்.

"எழுதி வைக்கக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்களுக்குள்ளயும் பேசிக்கிறக் கூடாது."

"எதுக்கு முதலாளி இம்புட்டு?" என்றாள் குருவம்மாள்.

"உங்க பொன்னுத்தங்கம் அக்காவுக்குச் சேலை வாங்கத்தான். காரைக்குடியில இருந்து, ஊர்ல இல்லாத சேலை."

"அதுக்கு பஸ்ஸுல போனா ஆச்சுல்ல?"

"வெளிய போ."

கார்டின் பின்பக்கத்து மூன்று எண்களை மட்டும் அவரே வைத்துக்கொண்டார். அதைப் பிளேடால் சுரண்டி எறிந்துவிட்டு, மறந்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்தால் ஒரு தடவை, எழுந்தால் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். எண்ணில்லாத கார்டு வீட்டுப் பூஜை அலமாரியில் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் போனது. மறுநாள் காலை விபூதி பூசும்போது 'மாரியாத்தா' என்று சொல்ல வாயைத் திறந்தார். மூன்று எண்கள்தான் வந்தன.

பின்னால் பால் சொம்போடு நின்ற பொன்னுத்தங்கம் கேட்டாள். "என்னங்க அது, புது மந்திரமா?"

"பழைய மந்திரந்தான். நீ போய்க் காப்பியக் கொண்டா."

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் குறித்து வைத்திருந்தார். அதற்கு நடுவில் லைசென்ஸ் விஷயமாகச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸுக்கு நடையாக நடந்து தீர்த்தார். வெள்ளிக்கிழமை வந்தது. பிரவுசிங் சென்டர் வாசலில் நாகையா நின்றார், தனுஷ்கோடி நின்றார், கருத்தப்பாண்டி வேனோடு நின்றான்.

"குருவம்மா எங்க?"

"சாத்தூர்ல அவ தங்கச்சி மகளுக்குச் சடங்கு. நேத்தே போயிருச்சு" என்றான் கருத்தப்பாண்டி.

ராஜபாண்டியன் செல்போனை எடுத்தார்.

"குருவம்மா, நான் முதலாளி பேசுறேன். உன் நம்பரைச் சொல்லு."

அந்தப் பக்கம் மேளச் சத்தம். அதை மீறிக் குருவம்மாள் கேட்டாள். "எந்த முதலாளி?"

"எந்த முதலாளியா? ராஜபாண்டியன்."

"முதலாளி குரல்ல எவன் வேணும்னாலும் பேசலாம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்க முதலாளி சொல்லியிருக்காக."

"அதச் சொன்னதே நான்தான்."

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்ல. வைங்க போன."

வேன் சாத்தூருக்குப் பறந்தது. நாகையாவும் தனுஷ்கோடியும் பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து குலுங்கினார்கள். சடங்கு வீட்டில் குழாய் ஸ்பீக்கர் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. முதலாளியை நேரில் பார்த்த குருவம்மாள் பதறிப் போய், முதலில் இலையில் உட்கார வைத்தாள். சாப்பிடாமல் நம்பர் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கருத்தப்பாண்டி இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு சொன்னான். "கொளம்பு பரவால்ல. இருந்தாலும் திங்கக்கிழமை அக்கா நம்ம நாலு பேருக்கும் வீட்டுல வச்சுப் போட்ட கோழிக்கொளம்பு மாதிரி வராது."

ராஜபாண்டியனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "என் வீட்டுலயா? எதுக்குலே?"

"நாங்க கம்பெனிக்கு ரொம்ப உழைக்கிறோமாம்."

குருவம்மாள் அவன் இலையில் ஒரு கரண்டி பாயசத்தைக் கொட்டினாள். "பேசாமச் சாப்பிடுலே."

தான் கலெக்டர் ஆபீஸில் காத்துக் கிடந்த நேரத்தில் தன் ஆட்களைக் கூப்பிட்டு விருந்து போட்டிருக்கிறாளே என்று ராஜபாண்டியனுக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படிப்பட்டவளுக்கு அந்தச் சேலையை வாங்கியே தீருவது என்று இன்னொரு தடவை முடிவு செய்துகொண்டார்.

சாப்பிட்டு எழுந்ததும் குருவம்மாள் அவர் காதருகே வந்தாள். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு" என்றார். அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சரியாக அந்த நொடியில் பாட்டு முடிந்தது. நாலு எண்களும் பந்தல் முழுக்கத் தெளிவாகக் கேட்டன. மொய் எழுதிக்கொண்டிருந்தவர், "எம்புட்டு? இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார்.

ராஜபாண்டியன் வியர்த்துப்போய் வேனில் ஏறினார். கால் பங்குதானே போயிருக்கிறது, முக்கால் பங்கு பத்திரம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். இருந்தாலும் குருவம்மாளையும் கையோடு ஏற்றிக்கொண்டார். அவள் மடியில் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு. விருதுநகர் வந்து சேரும்போது காலிப் பொட்டலம்தான் மிஞ்சியிருந்தது.

பிரவுசிங் சென்டரில் கூட்டம். காலேஜ் பையன்கள் ரிசல்ட் பார்க்க வந்திருந்தார்கள். இடுப்பளவு தடுப்பு வைத்த ஒரு சின்ன அறையில் ராஜபாண்டியனை உட்கார வைத்தாள் சினேகா. வெளியே வரிசையில் நின்ற நாலு பேரையும் ஒரு தடவை பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒருவாட்டி வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்களேன்."

"வீட்டுக்குத் தெரியாம வாங்கத்தான்மா இம்புட்டுப் பாடு. நீ உன் வேலையப் பாரு."

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்" என்று அவள் தன் மேஜைக்குப் போய்விட்டாள்.

பூட்டுப் படம் இருந்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ராஜபாண்டியன் கூப்பிட்டார். "முதல் ஆளு வா."

நாகையா வந்து காதில் சொல்லிவிட்டுப் போனார். மற்ற மூவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். ராஜபாண்டியன் ஒற்றை விரலால் எண்ணைத் தேடித் தேடிக் குத்தினார். குருவம்மாள் வந்தாள். கருத்தப்பாண்டி வந்தான். தனுஷ்கோடி வந்தார். வந்தவர் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும் தனுஷ்கோடி."

தனுஷ்கோடி தன் வீங்கிய கன்னத்தைக் காட்டினார். முந்தின நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். உள்ளே ஒரு உருண்டைப் பஞ்சு. வாயால் ஆகாது என்று கையை உயர்த்தி, விரல் விரலாக எண்ணிக் காட்டினார். தடுப்பு இடுப்பளவுதான். கை அதற்கு மேலே. ரிசல்ட் பார்க்க வந்த பையன்கள் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பார்த்தார்கள்.

"கையக் கீழ போடும்" என்று சீறினார் ராஜபாண்டியன்.

அதற்குள் திரையில் ஏதோ வந்தது. "நேரம் முடிஞ்சு போச்சு அண்ணாச்சி. முதல்ல இருந்து போடணும்" என்றாள் சினேகா.

மறுபடி நாகையா. மறுபடி குருவம்மாள். இந்தத் தடவை நேரம் மிச்சமாகட்டும் என்று, கருத்தப்பாண்டியைச் சுவரருகே நின்ற இடத்திலிருந்தே சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். தனுஷ்கோடி மேஜைக்கு அடியில் குனிந்து விரலைக் காட்டினார். ராஜபாண்டியனும் கூடவே குனிந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன. நிமிர்ந்தால் மறுபடி நேரம் முடிந்திருந்தது.

மூன்றாவது முறை ஆரம்பிக்கும்போது ஒரு காலேஜ் பையன் எழுந்து வந்தான். "சார், அவுகள எதுக்கு அலைய விடுறீக. நீங்க தட்டுங்க, நான் வரிசையாச் சொல்றேன்."

ராஜபாண்டியன் பார்த்த பார்வையில் அவன் ரிசல்ட்டைக்கூடப் பார்க்காமல் வெளியே போய்விட்டான்.

கடைசியில் ஒரு வழியாகப் பதினாறும் ஏறின. மாதம் வருஷம் ஏறியது. தன் மந்திரத்தையும் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

"என்னம்மா போட்டிருக்கு?"

சினேகா எட்டிப் பார்த்தாள். "சேலை வித்துப் போச்சாம் அண்ணாச்சி."

ராஜபாண்டியன் கடையின் போன் நம்பரை அழுத்தினார்.

"அந்தச் சேலை செவ்வாய்க்கிழமையே போயிருச்சுண்ணே" என்றது ஒரு இளம் குரல். "சைட்டுல நாந்தான் எடுக்க மறந்துட்டேன். இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. மன்னிச்சிருங்க."

"அதே மாதிரி ஒண்ணு நெய்து குடுப்பீகளா தம்பி?"

"ஒரு டிசைனுக்கு ஒண்ணுதாண்ணே. அதச் சொல்லித்தான யாவாரமே பண்றோம். உங்களுக்கு எந்த ஊருண்ணே?"

"விருதுநகர்."

"விருதுநகரா?" என்ற குரல் அத்தோடு நின்றுபோனது. நெடுநேரம் சத்தமே இல்லை.

"தம்பி. எந்த ஊருக்கு அனுப்புனீக அந்தச் சேலைய?"

"வாங்குனவுக விவரத்த வெளிய சொல்லக் கூடாதுண்ணே. நாளைக்கு உங்க விவரத்தக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்." போன் கட்டானது.

அந்த மௌனமே ராஜபாண்டியனுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சேலை விருதுநகருக்குத்தான் வந்திருக்கிறது. பங்குனிப் பொங்கலன்று அந்தக் கத்தரிப்பூ நிறம் மாரியம்மன் கோயில் வாசலில் எவளோ ஒருத்தியின் உடம்பில் நிற்கப்போகிறது. பொன்னுத்தங்கம் பழைய சேலையில் நின்று அதைப் பார்க்கப்போகிறாள். 'கேப்பேன்' என்று சொன்னவள் கேட்கப்போகிறாள்.

"எல்லாரும் வேன்ல ஏறுங்க" என்றார். "வீட்டுக்குப் போறோம். தனியாப் போக எனக்குத் தைரியமில்ல."

பொன்னுத்தங்கம் ஐந்து பேருக்கும் காப்பி கொண்டுவந்தாள். ராஜபாண்டியன் தலையைக் குனிந்துகொண்டு, கண்டாங்கிச் சேலை முதல் காலேஜ் பையன் வரை அத்தனையையும் ஒப்பித்தார். நாகையா தரையைப் பார்த்தார். கருத்தப்பாண்டி கூரையைப் பார்த்தான். தனுஷ்கோடி வாயில் பஞ்சு இருப்பதற்காக முதல்முறையாகச் சந்தோஷப்பட்டார்.

கேட்டு முடித்த பொன்னுத்தங்கம் தம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

"எனக்கு ஒண்ணும் கோவமில்லங்க."

ராஜபாண்டியன் நாற்காலியை ஓரடி பின்னால் நகர்த்திக்கொண்டார்.

அப்போது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கூரியர் செல்லப்பாண்டி ஒரு பார்சலோடு நின்றான். பொன்னுத்தங்கம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தாள். முழங்கால் மேல் வைத்து நிதானமாகக் கயிற்றை அவிழ்த்தாள். காகிதத்தை விலக்கினாள்.

கத்தரிப்பூ நிறம். கடுகு மஞ்சளில் அகலக் கரை.

ராஜபாண்டியன் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "தங்கம்... அந்த விருதுநகர்க்காரி நீதானா?"

"உங்களுக்கு நல்ல நேரம் வர்றதுக்குள்ள வேற எவளாச்சும் எடுத்துட்டுப் போயிட்டா? சினேகாகிட்டப் போயி வாங்கிட்டேன்." சேலையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். போன பங்குனிக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவர் பார்த்ததில்லை. "நல்லாருக்கா?"

"நல்லாருக்காவா?" ராஜபாண்டியன் கிட்டே வந்து கரையைத் தொட்டுப் பார்த்தார். "எவளும் கட்டாத சேலைம்மா. பணம் ஏதுன்னு நான் கேக்க மாட்டேன். நீ சேத்து வச்ச சிறுவாட்டுக் காசு, உன் இஷ்டம்."

பொன்னுத்தங்கம் கண்ணாடிக்குள் சிரித்தாள்.

ராஜபாண்டியனுக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. நாலு பேரையும் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "சேலையும் வந்துருச்சு, கார்டும் தப்பிச்சிருச்சு. நல்லாக் கேட்டுக்கோங்க. பேங்க்காரன் சொல்லாத வழி, கம்ப்யூட்டருக்குத் தெரியாத வழி. சாத்தூர்ப் பந்தல்ல ஒரு கால் பங்கு, அந்த வாண்டுப் பயலுக கண்ணுல கொஞ்சம், அது இன்னைக்கு நடந்த விபத்து. அதை விடுங்க. இந்த ஒரு வாரமா, நாலு பேரு வாயில இருந்து ஒரு நம்பர் இந்த வீட்டுச் சுவத்தத் தாண்டி வெளிய போயிருக்குமா?"

குருவம்மாள் கடைசிச் சொட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எப்படி முதலாளி போகும்? திங்கக்கிழமை அக்கா கேட்டப்ப, ஜன்னலக்கூடச் சாத்திட்டுத்தான நாலு பேரும் வரிசையாச் சொன்னோம்."